கலக்கும் கடலும் கலவா மீனும்

நுழையும்முன்

நிலத்தில் மலையும் ஆறும் பாலையும் உயிரினங்களைப் பிரிக்கின்றன. கடலில் அத்தகைய தடைகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனவே, ஒரு கடலில் வாழும் ஒரே வகை மீன்கள் யாவும் தம்முள் கலந்து பெருகும் ஒரு பெருங்கூட்டம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஓரிடத்தில் மீன் குறைந்தால் மற்றோரிடத்து மீன் வந்து அக்குறையை நிரப்பும் என்பதும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சியே. இந்த எண்ணம் எவ்வளவு உண்மை? மீனின் மரபணு தரும் விடை, மீன்பிடித்தொழிலை நம்பி வாழும் ஊர்களின் எதிர்காலத்தோடு தொடர்புடையது. வட அட்லாண்டிக் கடலின் காட் மீன் வழியாக அவ்விடையை இப்பாடம் விளக்குகிறது.

வற்றாது என்ற நம்பிக்கை

கனடாவின் கிழக்கே அட்லாண்டிக் கடலில் அமைந்துள்ள பெருந்தீவு நியூஃபவுண்ட்லாந்து. 1497ஆம் ஆண்டு ஜான் கேபட் என்னும் கடலோடி அப்பகுதியை அடைந்தபோது, கூடையை நீரில் இறக்கியே மீனை அள்ளலாம் எனும் அளவிற்கு அங்குக் காட் மீன் மிகுந்திருந்தது என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அந்த மீனே தீவின் வாழ்வாக இருந்தது. உப்பிட்டு உலர்த்திய காட் மீன், கப்பல்களில் ஏறிப் பல நாடுகளுக்குச் சென்றது. அதன் ஈரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய், மீன் எண்ணெய் என்னும் பெயரில் தமிழக இல்லங்களிலும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது.

1883ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் உரையாற்றிய புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்களை மனிதன் பிடித்துத் தீர்க்க இயலாது என்னும் கருத்தை முன்வைத்தார். பாய்மரக் கலமும் தூண்டிலும் இருந்த அக்காலத்தில் அது பிழையாகத் தோன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. மீனைப் பிடித்து அங்கேயே பதப்படுத்தி உறைய வைக்கும் பெரிய இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1968ஆம் ஆண்டு அப்பகுதியில் பிடிக்கப்பட்ட வடக்குக் காட் மீனின் அளவு ஏறத்தாழ 8 இலட்சம் டன். அதன்பின் பிடிப்பு சரியத் தொடங்கியது. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைல்களாக விரிவாக்கி, அயல்நாட்டுக் கப்பல்களைப் பெரிதும் விலக்கியது. எனினும், உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

1980களில் கரையோரச் சிறுபடகு மீனவர்கள் தம் வலைகளில் மீன் குறைவதையும், கிடைக்கும் மீன் சிறுத்துவருவதையும் கண்டு எச்சரித்தனர். ஆழ்கடல் கப்பல்களுக்கோ மீன்பாடு குறையவில்லை. எஞ்சிய மீன்கள் திரளும் இடங்களைக் கருவிகளின் துணையால் தேடிப் பிடித்ததே அதற்குக் காரணம். கடலில் உள்ள மீனின் அளவைக் கணக்கிட்டோர், கப்பல்களின் மீன்பாட்டிற்கு மிகுந்த மதிப்பளித்தனர். கரையோரத்தார் கூற்று உரிய நேரத்தில் செவிமடுக்கப்படவில்லை.

1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி, வடக்குக் காட் மீன் பிடிப்பதற்குத் தடை அறிவித்தார். ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலை இழந்தனர். இரண்டாண்டுகளில் நீங்கும் என எண்ணப்பட்ட அந்தத் தடை, 2024ஆம் ஆண்டு வரை நீடித்தது. இடையில் கரையோரத்தில் சிற்றளவுப் பிடிப்பு மட்டுமே அவ்வப்போது அனுமதிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் மாணவரின்றி மூடப்பட்டன. இளையோர் பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களுக்குப் பெயர்ந்தனர்.

கடல் ஒன்றுதானே, பிற பகுதிக் காட் மீன்கள் ஏன் வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை? இவ்வினாவே மரபணு ஆய்வுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

இனக்கூட்டமும் மரபணுத் தொடர்பும்

ஒரே இனத்தைச் சேர்ந்த உயிரிகள், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வாழ்ந்து, பெரும்பாலும் தமக்குள்ளேயே இனம்பெருக்கினால் அக்குழுவை இனக்கூட்டம் என்பர். ஓர் இனக்கூட்டத்தில் பிறந்த உயிரி மற்றோர் இனக்கூட்டத்திற்குச் சென்று அங்கு இனம்பெருக்கும்போது, அதன் மரபணுக்கள் அங்கே கலக்கின்றன. இவ்வாறு இனக்கூட்டங்களுக்கு இடையே நிகழும் மரபணுப் பரிமாற்றத்தின் அளவே மரபணுத் தொடர்பு எனப்படும்.

கடல்மீன்களில் இத்தொடர்பு மிகுதியாக இருக்கும் என எதிர்பார்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. பெரிய காட் மீன் ஒன்று ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகளை இடும். அம்முட்டைகள் நீரில் மிதப்பவை. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிகளும் சில மாதங்கள் நீரோட்டத்தோடு மிதந்து சென்ற பின்னரே கடலடியை நாடுகின்றன. நீரோட்டத்தைத் தமிழகக் கடலோர மக்கள் நீவாடு என்பர். நீவாடு எங்கெல்லாம் கொண்டுசெல்கிறதோ அங்கெல்லாம் மீனின் வித்து விழும் என்று கருதுவது இயல்பே.

சில மீன்களில் அக்கருத்து உண்மையாகவும் இருக்கிறது. ஐரோப்பிய விலாங்கு இதற்குச் சான்று. நார்வே முதல் மத்தியதரைக் கடல் வரையிலான ஆறுகளில் வளரும் விலாங்குகள் யாவும், அட்லாண்டிக்கின் மறுபுறத்தில் உள்ள சர்காசோ கடல் பகுதிக்கே சென்று முட்டையிடுகின்றன. அங்கு அவை தம்முள் கலந்துவிடுவதால், ஐரோப்பா முழுமையிலும் உள்ள விலாங்குகள் மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே கூட்டமாக உள்ளன.

காட் மீன் அத்தகையதன்று. அது வளர்ந்தபின் முட்டையிடுவதற்குக் குறிப்பிட்ட இடங்களையே மீண்டும் மீண்டும் நாடுகிறது. சில விரிகுடாக்களில் நீர் வெளியே விரைந்து செல்லாமல் உள்ளேயே சுழல்வதால், முட்டைகளும் இளவுயிரிகளும் பிறந்த இடத்தருகிலேயே தங்கிவிடுகின்றன. கடலின் வெப்பம், உப்புத்தன்மை, ஆழம் ஆகியவையும் கண்ணுக்குத் தெரியாத வேலிகளாகின்றன. ஒரு சூழலுக்கு ஏற்ற மீன், மற்றொரு சூழலுக்குச் சென்றாலும் அங்குப் பிழைத்து இனம்பெருக்குவது உறுதியில்லை.

குருதி முதல் மரபணுத்தொகுதி வரை

ஒரே தோற்றமுடைய மீன்களை எவ்வாறு பிரித்தறிவது? 1960களில் டென்மார்க் அறிஞர் குனுட் சிக், காட் மீனின் குருதியில் உள்ள ஹீமோகுளோபினை ஆராய்ந்தார். அதில் இருவகை வடிவங்கள் இருப்பதையும், அவற்றின் விகிதம் இடத்திற்கு இடம் மாறுவதையும் கண்டார். எல்லா மீன்களும் ஒன்றாகக் கலந்து இனம்பெருக்கினால், அந்த விகிதம் எங்கும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

பின்னர் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ., மீண்டும் மீண்டும் வரும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வுகள் நடந்தன. அவை தந்த முடிவுகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரு மரபணுவைப் பார்த்தால் இரண்டு கூட்டங்களுக்கு இடையே பெரும் வேறுபாடு தெரிந்தது. மற்றொன்றைப் பார்த்தால் வேறுபாடே இல்லை எனத் தோன்றியது. 2011ஆம் ஆண்டு காட் மீனின் மரபணுத்தொகுதி முழுமையும் வெளியிடப்பட்டது. அதன்பின் நடந்த ஆய்வுகளால் இம்முரண்பாட்டின் காரணம் தெளிவாயிற்று.

லோஃபோட்டனில் இரண்டு காட் மீன்கள்

நார்வேயின் வடபகுதியில் லோஃபோட்டன் தீவுகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் பேரண்ட்ஸ் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வரும் காட் மீன்கள், இத்தீவுகளை ஒட்டி முட்டையிடுகின்றன. நார்வே மக்கள் அவற்றை ஸ்க்ரெய் என அழைக்கின்றனர். அலைந்து திரிவது என்பது அப்பெயரின் பொருள். ஃபியார்டு எனப்படும் குறுகிய, ஆழமான கடற்கழிகளிலோ மற்றொரு வகைக் காட் மீன்கள் ஆண்டு முழுவதும் தங்கி வாழ்கின்றன. இவை கடற்கரைக் காட் எனப்படும். இரண்டும் ஒரே இனம். முட்டையிடும் காலமும் இடமும்கூடப் பல இடங்களில் நெருங்கியே அமைகின்றன. வெளித்தோற்றத்தைக் கொண்டு அவற்றைப் பிரிப்பது எளிதன்று.

மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆயினும், முதலாம் குரோமோசோமின் ஒரு நீண்ட பகுதியில் மட்டும் பெரும் வேறுபாடு காணப்படுகிறது. அப்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதே இதற்குக் காரணம். நீண்ட தொடர்வண்டி ஒன்றின் நடுவிலுள்ள சில பெட்டிகளை மட்டும் கழற்றி, வரிசையை முன்பின்னாகத் திருப்பி இணைத்தது போன்றது இது. பெட்டிகள் அவையே, வரிசை மட்டும் மாறிவிடுகிறது. ஒருபுறம் நேராகவும் மறுபுறம் தலைகீழாகவும் அமைந்த குரோமோசோம்களைப் பெற்ற மீனில், அந்தப் பகுதியின் மரபணுக்கள் தமக்குள் இடம் மாறிக்கொள்வது பெரிதும் தடைப்படுகிறது. எனவே, அம்மரபணுக்கள் பிரியாத ஒரு கட்டாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகின்றன. நீண்ட தொலைவு நீந்துவதற்கும் ஆழத்தில் வாழ்வதற்கும் உதவும் காற்றுப்பையின் செயலோடு தொடர்புடைய மரபணுக்களும் இக்கட்டில் உள்ளன என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரண்டு கூட்டங்களும் ஓரளவு கலந்தபோதும், இடம்பெயரும் வாழ்வுக்குரிய கட்டும் தங்கி வாழும் வாழ்வுக்குரிய கட்டும் சிதையாமல் நிலைப்பது இவ்வாறே. முந்தைய ஆய்வுகள் முரண்பட்டதன் காரணமும் இதுவே. இக்கட்டுக்குள் இருந்த மரபணுவை ஆராய்ந்தோர் வேறுபாட்டைக் கண்டனர். வெளியே இருந்ததை ஆராய்ந்தோர் ஒற்றுமையைக் கண்டனர்.

இந்த அறிவு நடைமுறைக்கும் பயன்படுகிறது. பேரண்ட்ஸ் கடல் கூட்டம் மிகப் பெரியது. கடற்கரைக் கூட்டம் சிறியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பிடித்தால், பெரிய கூட்டத்திற்குத் தீங்கில்லாத அளவே சிறிய கூட்டத்தை அழித்துவிடக்கூடும். ஆகவே, 2009 முதல் லோஃபோட்டனின் ஒரு பகுதியில், பிடிபட்ட மீன்களின் மரபணுவை உடனுக்குடன் ஆய்வு செய்தனர். ஸ்க்ரெய் பெரும்பங்காக இருந்தால் அப்பகுதி மீன்பிடிப்புக்குத் திறக்கப்பட்டது. கடற்கரைக் காட் மிகுந்திருந்தால் மூடப்பட்டது.

தெரியுமா?

மீனின் தலைக்குள், செவிப்பகுதியில் சிறிய சுண்ணக்கற்கள் உள்ளன. இவை செவிக்கல் எனப்படும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல இவற்றிலும் வளையங்கள் தோன்றுவதால், மீனின் வயதைக் கணிக்கலாம். ஸ்க்ரெய் மீனின் செவிக்கல் வளையங்களும் கடற்கரைக் காட் மீனின் வளையங்களும் வடிவில் வேறுபடுவதை நார்வே அறிஞர்கள் மரபணு ஆய்வு தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தனர்.

ஒரு விரிகுடாவின் மீன்

கனடாவின் லாப்ரடார் கரையில் கில்பர்ட் விரிகுடா உள்ளது. அங்குள்ள காட் மீன் பொன்னிறம் கலந்த பழுப்பு நிறமுடையது; வெளிக்கடல் காட் மீனைவிட மெதுவாக வளர்வது. அது விரிகுடாவிற்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து, அங்கேயே முட்டையிடுகிறது. அருகிலேயே பெருங்கடல் திறந்து கிடந்தும், அதன் மரபணு வெளிக்கடல் மீனின் மரபணுவிலிருந்து வேறுபட்டிருப்பது ஆய்வில் தெரியவந்தது. 2005ஆம் ஆண்டு அவ்விரிகுடா பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் அம்மீனின் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தது. கோடையில் அவற்றுள் சில இரைதேடி விரிகுடாவிற்கு வெளியே செல்கின்றன. அங்கே அவை பிற காட் மீன்களோடு சேர்ந்து பிடிபடுகின்றன. வலைக்கு அவற்றின் வேறுபாடு தெரியாது. வரைபடத்தில் எல்லைக்கோடு இடுவது மட்டும் போதாது. மீன் எங்குப் பிறக்கிறது, எங்கு மேய்கிறது, எங்குத் திரும்புகிறது என்பதை அறிந்து எல்லை வகுக்க வேண்டும் என்பதை இச்சிறு விரிகுடா உணர்த்துகிறது.

உறைமோரும் வெறுங்குடமும்

மரபணுத் தொடர்பு இருப்பது தெரிந்துவிட்டால், ஒரு கூட்டத்தின் குறையை மற்றொரு கூட்டம் தீர்த்துவிடும் என்று கொள்ளலாமா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. தலைமுறைக்கு ஒரு சில உயிரிகள் வந்து கலந்தாலே, இரண்டு கூட்டங்களின் மரபணு விகிதங்கள் பெரிதும் விலகிச் செல்லாமல் காக்கப்படும் என்பது மரபியல் கணக்கு. ஆனால், அழிந்துபோன ஒரு கூட்டம் மீண்டும் தழைக்கவும், வலைகள் நிறையவும் அந்தச் சில மீன்கள் போதா; இலட்சக்கணக்கில் வரவேண்டும்.

ஒரு குடம் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி உறைமோர் போதும். வெறுங்குடத்தை நிரப்புவதற்கு அந்த ஒரு கரண்டி மோர் போதாது. மரபணுத் தொடர்பு உறைமோரைப் போன்றது. மீன்வளத்தின் மீட்சி குடத்தை நிரப்புவது போன்றது. இரண்டையும் ஒன்றெனக் கருதியதால் மீன்வள மேலாண்மையில் பிழைகள் நேர்ந்துள்ளன. வடக்குக் காட் மீன், வெவ்வேறு இடங்களில் முட்டையிடும் பல பிரிவுகளைக் கொண்டிருந்தும் ஒரே அலகாகவே கணக்கிடப்பட்டது. மொத்தக் கணக்கு பெரிதாகத் தெரிந்தபோதே, சில பிரிவுகள் ஓசையின்றிக் கரைந்துகொண்டிருந்தன. அவற்றின் இடத்தை நிரப்பப் போதிய மீன் வேறெங்கிருந்தும் வரவில்லை.

நம் கடலில் மத்தி

காட் மீனின் வரலாறு தொலைவான கடலுக்கு உரியது. அது எழுப்பும் வினாவோ நம் கடலுக்கும் உரியது. மத்தி, பேச்சாளை எனத் தமிழகத்தில் வழங்கும் மீன், எளிய மக்களின் உணவு. முன்பு பெரிதும் மேற்குக் கரைக்கே உரியதாக இருந்த இம்மீன், கடந்த சில பத்தாண்டுகளாகத் தமிழகக் கரையிலும் மிகுதியாகக் கிடைக்கிறது. கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 இலட்சம் டன் மத்தி பிடிக்கப்பட்டது. 2021இல் அது சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. கடல்நீரின் வெப்பமும் பருவமழையும் இரையின் அளவும் மத்தியின் பெருக்கத்தைப் பெரிதும் மாற்றவல்லவை. மிகுதியாகப் பிடிப்பதும் இளங்குஞ்சுகளைப் பிடிப்பதும் அந்த இயற்கை மாற்றத்தோடு சேரும்போது இழப்பு பெருகும்.

1947இல் தொடங்கப்பட்டு, பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபத்தை இருபதாண்டுகளுக்கு மேல் தலைமையிடமாகக் கொண்டிருந்து, இப்போது கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், மத்தியின் மரபணுவை ஆராய்ந்துள்ளனர். இந்தியக் கரையோர மத்தியும் ஓமன் கடற்பகுதி மத்தியும் மரபணு அளவில் வேறுபட்டிருப்பதை அவ்வாய்வுகள் காட்டுகின்றன. அரபிக்கடல் ஒன்றேயாயினும், ஓமன் மத்தியை நம்பி நம் வலைகள் காத்திருக்க இயலாது என்பது இதன் பொருள். 2023ஆம் ஆண்டு மத்தியின் முழு மரபணுத்தொகுதியும் இந்நிலையத்தாரால் வெளியிடப்பட்டது. வெப்பம் மாறிவரும் கடலில் இம்மீன் எவ்வாறு தாக்குப்பிடிக்கும் என்பதை அறிய இது துணைபுரியும்.

சட்டமும் துணைநிற்கிறது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதைக் கேரளம் தடைசெய்துள்ளது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. இந்நாள்களில் பிறக்கும் குஞ்சுகளே பின்வரும் ஆண்டுகளின் மீன்பாடு. மரபணு ஆய்வு வளர வளர, எந்த மீனுக்கு எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் ஓய்வு தேவை என்பதை இன்னும் நுட்பமாக வகுக்கலாம்.

கடலடிப் பாறைத்திட்டுகளைப் பார் எனக் குறிப்பிடும் நம் மீனவர்கள், எந்தப் பாரில் எந்த மீன் எக்காலத்தில் அடையும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். நியூஃபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர்கள் கண்டதும் அத்தகைய உண்மையே. ஆய்வகத்தின் அறிவும் கரையின் அறிவும் காலத்தில் ஒன்றுசேர்ந்தால், ஓர் ஊரின் வலைகள் வெறுமையாவதைத் தடுக்கலாம். கடல் பொதுவானது; அதில் வாழும் ஒவ்வொரு மீன்கூட்டத்திற்கும் தனக்கென ஓர் ஊர் உண்டு.

சொல்லும் பொருளும்

நீவாடு – கடல் நீரோட்டம். மீன்பாடு – வலையில் கிடைக்கும் மீனின் அளவு. பார் – கடலடிப் பாறைத்திட்டு. உறைமோர் – பாலைத் தயிராக்க இடும் மோர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதி மீன் சந்தையில் கிடைக்கும் மீன்களின் தமிழ்ப் பெயர்களையும், அவை மிகுதியாகக் கிடைக்கும் மாதங்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. மீன்பிடித் தடைக்காலத்தின் தேவை, அக்காலத்தில் மீனவர் குடும்பங்கள் எதிர்கொள்ளும் இன்னல்கள் ஆகியன குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. ஸ்க்ரெய் என்னும் சொல்லின் பொருள்
அ) தங்கி வாழ்வது ஆ) அலைந்து திரிவது இ) ஆழத்தில் உறைவது ஈ) பொன்னிறமானது

2. ஐரோப்பா முழுவதும் ஏறக்குறைய ஒரே மரபணுக் கூட்டமாக உள்ள மீன்
அ) காட் ஆ) மத்தி இ) விலாங்கு ஈ) ஸ்க்ரெய்

குறுவினா

1. மரபணுத் தொடர்பு என்றால் என்ன?
2. செவிக்கல்லின் பயன்கள் இரண்டனைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. உறைமோர் உவமையின் வழி ஆசிரியர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
2. பாதுகாக்கப்பட்ட பின்னரும் கில்பர்ட் விரிகுடாவின் காட் மீன் குறைந்தது ஏன்?

நெடுவினா

'கடல் ஒன்று, மீன்கூட்டங்கள் பல' – இக்கூற்றைக் காட், மத்தி ஆகிய மீன்களைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.